கரையில் நின்றவன்

விடுதியின் மசாஜ் அறைக்குத் துண்டுகள் கொண்டுபோனபோது, செத்துப்போன என் தங்கை வெல்டாவின் பாட்டு சுவர் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அதற்குச் சொற்கள் கிடையாது. அவள் போன ஏழாம் நாள் விடியலில், ஆற்றங்கரையில், எங்கள் தம்பி ஈனஸ் மூங்கில் குழலில் ஊதியது. அன்று ஒருமுறைதான். யாரோ அடியில் மழைச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். முதுகில் எண்ணெய் வழியக் குப்புறக் கிடந்த வெள்ளைக்காரி, "ரொம்ப நிம்மதியா இருக்குல்ல?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினேன்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோகிகள் நாங்கள், எங்களில் ஒருவர் செத்தால் ஏழு நாள் அழுவோம். ஏழாம் நாள் வீட்டார் எல்லாரும் ஆற்றில் இறங்கி, கிழக்கே பார்த்து ஏழு முழுக்குப் போடுவோம். அதோடு போனவர் போய்விட வேண்டும், இருக்கிறவர் பிழைப்பைப் பார்க்க வேண்டும். போனவளைத் தினமும் கூப்பிட்டு எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவில் நிறுத்தினால் எப்படிப் போவாள்? மனுஷன் செய்கிற காரியமா இது?

ஈனஸ் கொட்டகையில் இருந்தான். காய்ச்சிய கம்பியால் மூங்கிலில் துளை சுட்டுக்கொண்டிருந்தான். எந்த மேடைக்குப் போனாலும் அவனைச் சோகமாக ஊதச் சொல்வார்கள். கேட்டால் சிரிப்பு வருகிற மெட்டுகள் எத்தனையோ போட்டிருக்கிறான், சீந்துவாரில்லை.

"எவன்டா வெல்டா பாட்டைத் திருடி விடுதிக்குக் குடுத்தது?"

கம்பியைக் கீழே வைத்தான். "யாரும் திருடலக்கா. நான்தான் குடுத்தேன். அவங்களுக்குப் போட்ட இசைத்தட்டுல ஒரு பாட்டு கொறஞ்சுது, அதைத் திரும்ப ஊதிக் குடுத்தேன்."

"கொறஞ்சா உன் நாய் கொலைக்கிறதை எடுத்துப் போடறது."

"வார்த்தை இல்லாத பாட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்டா. அவளுக்குத் தெரியும். முழுக்குப் போட்டு அனுப்பினவளைத் திரும்பக் கூப்பிட நீ யாரு?"

எங்களுக்குக் குலம் தாய்வழி. அம்மாவுக்குப் பிறகு மூத்தவள் நான். கேட்க எனக்கு உரிமை இருந்தது. அவன் அடங்கிப் போவான் என்றுதான் நினைத்தேன்.

"முழுக்குப் போட்டது நீங்க," என்றான். "நீ, அத்தான், புள்ளைங்க எல்லாரும். நான் கரையில நின்னு ஊதிக்கிட்டிருந்தேன். முடிஞ்சதும் தலையைத் துவட்டிக்கிட்டு அவரைப்பயறு ரொட்டி திங்கப் போயிட்டீங்க. நீயும் எறங்குடான்னு ஒருத்தர் சொன்னீங்களா?"

யாருக்கும் தோன்றவில்லை. ஊதுகிறவனைக் குழலோடு சேர்த்துக் கரையிலேயே விட்டுவிட்டோம். அதற்காக என் கோபம் இறங்கிவிடவில்லை. இன்னும்தான் ஏறியது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீயா எறங்க உனக்குக் கால் இல்லையா?"

"எறங்கினா அவ போயிடுவாளேக்கா."

"விடியறப்ப ஆத்துக்கு வர்றே. வரலன்னா இந்தக் கொட்டகையைக் கொளுத்திடுவேன். அப்புறம் விடுதிக்குப் போயி அந்தப் பாட்டை எடுக்கச் சொல்றே."

"சொல்றேன்," என்றான்.

மறுநாள் விடியலில் நவம்பர் குளிர் எலும்பைக் கடித்தது. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரன் ஒருவன் எங்களைப் பார்த்துச் செல்பேசியைத் தூக்கினான். "உன் மீனைப் படம் பிடிய்யா," என்று கத்தினேன். இறக்கிக்கொண்டான்.

முழங்கால் தண்ணீரில் ஈனஸ் மரம்போல நின்றுவிட்டான். அவரவர் தானாக முழுகுவதுதான் வழக்கம். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. செருப்போடு இறங்கி, ஆழத்துக்கு இழுத்துப் போய், கிழக்கே திருப்பி, தலைமுடியைப் பிடித்து அமுக்கினேன். இருமிக்கொண்டு எழுந்தான். மறுபடி அமுக்கினேன். விடுதிக்காரன்மேல் இருந்த ஆத்திரம், அந்த எண்ணெய் முதுகுக்காரிமேல் இருந்தது, இவனைத் தனியாக விட்டுவிட்டு ரொட்டி தின்ற என்மேல் இருந்தது, எல்லாம் கையில்தான் இறங்கியது. ஆறு முறை.

ஏழாவதுக்கு என் கை போகவில்லை. இதோடு வெல்டா போய்விடுவாள். போன வருஷமே முழுகி எழுந்தவள் நான், எனக்கு அது முடிந்துபோன விஷயம். அப்படித்தான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

"அமுக்குக்கா," என்றான், பல் தந்தியடிக்க.

"சும்மா இருடா."

"குளிருதுக்கா. அமுக்கு."

அவன் தலைமுடி என் பிடிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு எங்கள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது.