மூன்று குலத்து மகள்

அனாதை இல்லத்தில் வெளிநாட்டுத் தொண்டர் மாரிட்டுக்கு நடந்த வழியனுப்பு விருந்தில் பேசும்படி சமையல்காரன் முபிருவை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அகப்பையும் கையுமாக எழுந்து நின்றுவிட்டான். அடுப்பில் பீன்ஸ் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. மூக்கு சொன்னது, வாய் கேட்கவில்லை.

"பிள்ளைங்களா, இன்னைக்கு வழியனுப்புற பாட்டு வேணாம். அது திரும்பி வராதவங்களுக்குப் பாடுறது. மாரிட் அந்த ரகம் இல்ல. 'நன்க்யா'ன்னு குலப் பேர் வெச்சு நான் மகளா ஏத்துக்கிட்ட பொண்ணு. எங்க சேற்றுமீன் குலம். ஜனவரில வந்துடும்."

வாசல் காவல்காரர் கிகுண்டு வாழைக்காய் மசியலை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னய்யா உளர்ற? அவ குரங்குக் குலம். ஈஸ்டருக்கே நான் பேர் வெச்சாச்சு."

"நல்ல கூத்து!" என்றாள் மேற்பார்வைக்காரி புரோஸ்கோவியா. "அவ எங்க வெட்டுக்கிளிக் குலம்யா. எனக்குத் தங்கச்சி முறை."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். மாரிட் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முபிருவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. குலத்துக்குரிய உயிரை அந்தக் குலத்தார் தின்னக் கூடாது. போன வாரம் அவன் பொன்னிறமாக வறுத்த வெட்டுக்கிளியை மாரிட் வயிறு சரியில்லை என்று தள்ளிவைத்தாள். மகளுக்கு என்னவோ என்று இவன் இஞ்சிக் கஷாயம் வேறு போட்டுக் கொடுத்தான். குரங்குக் கறியை இங்கே யாரும் சமைப்பதில்லை. இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கஷாயம் போட்டிருப்பான்.

காலையில் அடுப்படிக்கு வந்து, அப்பனுக்கு மகள் போடுவதுபோல முழங்காலிட்டு அவள் வணக்கம் சொல்லும்போதெல்லாம், பிள்ளையில்லாத அவனுக்குக் கண்ணில் புகை பட்டுவிடும். அந்த முழங்கால் வாசலுக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டுத்தான் அடுப்படிக்கு வந்திருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. பெண்ணுக்கு மூன்று வீடு இருந்தால் என்ன, நல்லதுதானே என்று மனதைத் தேற்றிவிடலாம். பிள்ளைகளிடம் கொடுத்த வாக்கை என்ன செய்வது? தொண்டு செய்ய வருகிறவர்கள் சில மாதம் கொஞ்சிவிட்டுப் போவதும், 'சீக்கிரம் வருவோம்' என்பதும், வராததும் பழகிப்போய், பிள்ளைகள் புது ஆட்களின் பெயரைக் கேட்பதையே விட்டிருந்தார்கள். செப்டம்பரில் பெயர் வைத்த அன்று, ஊருக்குப் போனாலும் ஜனவரியில் திரும்பி வருவாயா என்று இவன் கேட்டதற்கு மாரிட், "உங்க பொண்ணு நான், வராம எங்கப்பா போவேன்?" என்றாள். இவன் அன்றைக்கே பிள்ளைகளிடம் ஓடிப்போய்க் குலத்தின்மேல் சத்தியம் செய்தான். அவனை நம்பித்தான் அவளுடைய பெயரைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆறு வயது ஹாஜரா அவன் சட்டையை இழுத்தாள்.

"அங்கிள், இப்போ பாடணுமா, வேணாமா?"

"இரு, கேட்டுட்டு வரேன்."

மாரிட் வேனில் பையை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தாள்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. ஒவ்வொருத்தரும் ஆசையா வெச்சாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"அது கிடக்கட்டும். ஜனவரில வருவியா?"

"உங்களை எல்லாம் மறப்பேனா?"

"மறக்கிறதைக் கேக்கல. வருவியா?"

"நெஞ்சுக்குள்ளயே இருக்கீங்கப்பா..." என்று கட்டிக்கொள்ள வந்தாள்.

முபிரு குறுக்கே அகப்பையை நீட்டினான். அதை வைத்துவிட்டு வர மறந்திருந்தான்.

"கட்டிப்பிடிக்க வேணாம்மா. உள்ள நாப்பது பேர் பாடலாமா வேணாமான்னு வாயைத் திறந்துட்டு நிக்கிறாங்க. நான் போய்ச் சொல்லணும். என்னன்னு சொல்ல?"

விரித்த கைகள் மெல்ல இறங்கின. மாரிட் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"பாடச் சொல்லுங்க. நான் வரமாட்டேன். ஜனவரில பெரு நாட்டுல வேற ஒரு இல்லம். டிக்கெட்டை ஆகஸ்ட்லயே எடுத்துட்டேன்."