தூங்காத அவரைப் பந்தல்

எங்கள் ஊர் டவுனாகிக்கொண்டு வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முன்பெல்லாம் தலைவலி மாத்திரைக்கே பஸ் ஏற வேண்டும். இப்போது வயலைத் தாண்டினால் மருந்துக்கடை, அதையடுத்து பேக்கரி, அதற்கும் அப்பால் கடலை மறைத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகள். மறைத்தால் மறைக்கட்டும். உப்புக்காற்று பாதியாகக் குறைந்து, என் அவரைப் பந்தல் நிமிர்ந்ததே அதற்கப்புறம்தான்.

தெருவிளக்குதான் வினையாக வந்து சேர்ந்தது. அதையும் வெளியாள் யாரும் கொண்டுவரவில்லை. காய் திருடுபோகிறதென்று நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, சரியாக எங்கள் வயலோரம் கம்பம் நட வைத்தவர் என் வீட்டுக்காரர். விளக்கு எரிந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சூரியனையே பேசி வரவழைத்தவர் மாதிரி!

கொடி மளமளவென்று ஏறியது. இலையாகத் தள்ளியது. பனிக்காலம் பாதி போயும் ஒரு மொட்டு இல்லை. நிலம் இவருக்கும் இவர் அண்ணனுக்கும் பொது. விளக்கு வந்த போன வருஷமும் இதே கதைதான்; அப்போதே பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவையும் காய்க்கலைன்னா வாடகைக்கு வீடு கட்டிடலாம்மா. பிடிவாதம் பிடிக்கக் கூடாது." நானும் தலையாட்டித் தொலைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் பார்த்தால், பந்தலின் ஒரு மூலையில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூ. அதே விதை, அதே தண்ணீர். இதற்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று எரிச்சலோடு நின்றபோது விளக்கு எரிந்தது. 'வீடுகள் விற்பனைக்கு' என்று புதிதாக நட்டிருந்த விளம்பரப் பலகையின் நிழல் அந்த மூலையில் கச்சிதமாக விழுந்தது. மற்ற இடமெல்லாம் பட்டப்பகல்.

"ஏங்க, உங்க விளக்குதாங்க பூக்க விடாமப் பண்ணுது. அவரை பூக்கறதே ராத்திரி நீளுற பனிக்காலத்துலதான்; இருட்டினாத்தானே அதுக்கு ராத்திரின்னு தெரியும்?"

"போடி, வெளிச்சத்துல செடி கெட்டுப்போகுமா?"

"உங்களை லைட்டைப் போட்டுட்டுத் தூங்கச் சொன்னா தூங்குவீங்களா?"

"விளக்கை மறைச்சா மறுபடி திருடு போகுமே!"

"திருடறதுக்கு மொதல்ல காய் வேணும்ல?"

மறுநாள் லைன்மேனைக் கூட்டிவந்ததும் அவரேதான்.

லைன்மேன் சிரித்தார். "வெளிச்சம் பத்தலைன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. நீங்க என்னக்கா, ஜாஸ்தின்னு வர்றீங்க?" சாலைக்கு வெளிச்சம் குறையாமல், வயல் பக்கம் மட்டும் ஒரு தகரத்தை வளைத்து மாட்டிவிட்டார்.

அப்புறம் தினமும் பந்தலுக்குள் தலையை விட்டுத் தேடுவதே எங்களுக்குப் பிழைப்பு. முதல் மொட்டைப் பார்த்துக் கத்தியது நானில்லை, அவர். இந்த வயசில் குதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

பிஞ்சு விட்ட சமயம் பெரியவர் வந்தார். பந்தலைச் சுற்றினார், குனிந்தார், ஒரு பிஞ்சைத் தொட்டுப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

"கொடி அந்தப் பக்கமும் ஓடப் பாக்குதும்மா," என்றார். "பந்தலை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க."