இறங்கி நடக்கும் சனம்

கணினி படிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் பிரேமிளா தன் முதல் விளையாட்டை எழுதினாள். வவுனியாவில் ஒரு பஸ் ஓடும். ராணுவச் சோதனைத் தடை வந்தால் சனம் இறங்கி நடந்து, அப்பால் போய் ஏற வேண்டும். அவளுக்குத் தெரிந்த பயணம் அதுதான்.

வகுப்பு நடத்தும் குகதாசன் மாஸ்டர் திரையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்.

“ஆர் பிள்ளை இதைச் செய்யச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“ஆமியின்ர காவல் சென்றியெல்லாம் வரிசையா நிக்குது. இது விளையாட்டோ, வரைபடமோ? ஆமி கண்டால் ரெண்டு பேரும் உள்ளுக்க. அழி!”

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் விளையாட்டையும் கடிக்க வந்துவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசனே போய்ச் சொல்லிவிடுவாரோ என்றும் ஐமிச்சம். ஆனாலும் அவள் அழிக்கவில்லை. பஸ்ஸைப் படகாக்கினாள், தெருவைக் கடலாக்கினாள், தடைகளைப் பாறைகளாக்கினாள். சனம் இறங்கி நடப்பதை மாற்ற வேண்டுமென்று மட்டும் அவளுக்குத் தோன்றவேயில்லை.

மாஸ்டர் விளையாடிப் பார்த்தார். பாறை வந்ததும் சனம் இறங்கிக் கடலில் நடந்தது. அவர் முகம் வெளிறியது.

“கடல் எங்க ஆழமில்லையெண்டு ஆருக்குக் காட்டுறாய்?”

“அப்ப இந்தச் சனத்தை எங்கதான் விடுறது, மாஸ்டர்?”

“சந்திரனில கொண்டுபோய் விடு!”

“விடுறன். அங்கயும் சனம் இறங்கித்தான் நடக்கும்” என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள் பிரேமிளா.