குட்டைக் குழலுக்கு ஒரு தோட்டா

"என்கிட்ட எதையும் கேக்காதீங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் செழியன் பேசிய முதல் வார்த்தை இதுதான். கவிநிலாவுக்குப் பகீரென்றது. பெரிய கோயில் குளத்தின் மேல்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளிப் போய் நின்ற இரண்டு குடும்பங்களும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்படின்னா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மா ஒரு புடவைக்கு எங்கப்பாகிட்ட மாசக்கணக்கா கெஞ்சும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கேக்கறதுன்னாலே எரிச்சல். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் செஞ்சிருப்பேன்."

"கேக்காமலே எப்படித் தெரியும்?"

"தெரியும். வேணும்னா டெஸ்ட் வைங்க. இப்போ உங்களுக்கு இன்னா வேணும்? வாயால சொல்லாதீங்க."

அவள் சொல்லவில்லை. அவன் அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். எழுந்து வெளியே போனான். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தான்.

அந்த ஒரு பாட்டில் தண்ணீரில்தான் கவிநிலா விழுந்தாள். சித்திரை வெயிலில் கருங்கல் படியில் உட்கார்த்தி வைத்தால் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று யோசிக்க அவளுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

கல்யாணம் முடிந்து ஆடி பிறப்பதற்குள் செழியன் நியூசிலாந்துக்குத் திரும்பிவிட்டான். அங்கே ஒரு பால் பவுடர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. கவிநிலா திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். 'வேங்கிக்கால்ல வீடு முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்' என்றான். வீடு முடிந்தது. 'புது வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது, கொஞ்ச நாள் விளக்கேத்து' என்றான். ஏற்றினாள். பிறகு மாமனாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது, அதற்குப் பிறகு விசா விதிகள் மாறின. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வந்து, தின்று, தூங்கி, உறவுக்காரர் வீடுகளில் விருந்து முடித்துப் போனான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் இருக்கிற ஊரில், அவன் இருக்கிற வீட்டில், சாயங்காலம் அவன் வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருக்க வேண்டும். ஆனால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. பள்ளி ஆசிரியர் அறையில் வேதா டீச்சர் டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் "எப்போதான் பறக்கப் போற?" என்று சீண்டுவாள். "அவரே சொல்வார்" என்பாள் கவிநிலா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். மற்ற பெண்கள் அழுது, அடம்பிடித்து வாங்குவதை அவள் மௌனமாக இருந்தே வாங்கப் போகிறாள் என்று ஒரு எண்ணம்.

துப்பாக்கி அவர்கள் பேச்சுக்குள் வந்தது இரண்டாம் வருஷம். உடன் வேலை செய்கிறவன் ஒருவன் செழியனைக் காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். மான்கள் பெருகிப் போய்க் காட்டையே மேய்ந்து அழிக்கிற ஊராம் அது. லைசென்ஸ் எடுத்தவர்கள் சுடலாம். துப்பாக்கிக்குச் சைலன்சர் மாட்டினாலும் தப்பில்லை. செழியன் லைசென்ஸ் எடுத்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வேறு பேச்சே கிடையாது.

கவிநிலாவுக்கு ஒரு பல்லி செத்தாலே சோறு இறங்காது. ஆனாலும் கற்றுக்கொண்டாள். அவன் பேசுகிற ஒரே விஷயம் அது. அவன் குரல் ஆசையாகக் குழைவதும் அப்போதுதான். வெடிமருந்து, அழுத்தம், வேகம், எதிர்வினை என்று அவள் பாடத்தில் இருப்பவைதானே? சந்தேகம் கேட்க ஆரம்பித்தவன், போகப் போக அவள் கணக்குப் போட்டுச் சொல்லாமல் எதையும் வாங்குவதில்லை என்ற அளவுக்கு வந்தான். "என் பொண்டாட்டி சொன்னா சரியா இருக்கும்னு இங்க பசங்ககிட்ட சொல்வேன்" என்றான் ஒரு முறை. அந்த வாரம் முழுக்க அவள் வகுப்புப் பிள்ளைகளைத் திட்டவே இல்லை.

ஆறாம் வருஷம் ஐப்பசியில் அவன் ஒரு புதுத் துப்பாக்கிப் பேச்சை எடுத்தான்.

"அடர்ந்த காடு கவி. நீளக் குழல் கொடியில எல்லாம் மாட்டுது. சைலன்சர் வேற முன்னாடி ஒரு முழம் நீட்டிக்கிட்டு நிக்குது. அதனால குழலைக் குட்டையா வாங்கலாம்னு. அதுக்கு எந்தத் தோட்டா சரி?"

ஒரு வாரம் படித்தாள். குழல் குட்டையானால் தோட்டாவைத் தள்ள மருந்துக்குக் கிடைக்கிற தூரம் குறைகிறது. தடிமனுக்கு மீறி மருந்து அடைத்த தோட்டாவாக இருந்தால் ஒரு பங்கு மருந்து குழலுக்கு வெளியே வந்துதான் எரியும். வெளிச்சமும் சத்தமும் ஜாஸ்தி, வேகம் கம்மி. அவன் முதலில் ஆசைப்பட்ட ஆறரை க்ரீட்மோர் என்கிற தோட்டா அப்படிப்பட்டது, நீளக் குழலில்தான் அதன் சாமர்த்தியம். முந்நூற்றெட்டு என்கிற பழைய தோட்டா குட்டைக் குழலிலும் அவ்வளவாகச் சோர்ந்து போகாது. முந்நூறு ப்ளாக்அவுட் என்று ஒன்று, குட்டைக் குழலுக்கென்றே வந்தது. கொஞ்சம் மருந்து, சீக்கிரம் எரிந்துவிடும், சுடும்போது தோளில் விழுகிற உதையும் மெல்லிசு. ஆனால் தூரம் போகாது.

"முந்நூத்தெட்டு வாங்குங்க. உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான தோட்டா. தூரத்து மானுக்கும் ஆகும்," என்றாள்.

"உதைக்குமே கவி."

அவள் சிரித்துவிட்டாள். ஆறடி ஆள். முதல் தடவை முந்நூற்றெட்டைச் சுட்டுவிட்டு, 'எங்கப்பா முதுகுல தட்டற மாதிரி இருந்துச்சு, இதுக்கா இவனுங்க பயப்படறானுங்க' என்று பீற்றிக்கொண்டவன். "எப்போ இருந்து உங்களுக்குத் தோள் வலி வந்துச்சு?"

"இல்ல... உதை கம்மியா இருந்தா நல்லதுதானே. பாரேன், கட்டையைக்கூட ரெண்டு விரல் அறுக்கச் சொல்லியிருக்கேன்."

தோளில் முட்டுக் கொடுக்கிற கட்டை அது. நீளக் கைக்காரன் அதை ஏன் அறுக்க வேண்டும்? வாய்வரை வந்த கேள்வியை, வழக்கம்போல, அவள் விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினான். 'இதுதான், கணக்குப் போட்டுச் சொல்லு.' மதிய இடைவேளையில், வேதா கொடுத்த எலுமிச்சை சாதத்தை மென்றபடி அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். தோட்டாவை உள்ளே தள்ளுகிற கைப்பிடி இடது பக்கம் இருந்தது. செழியனின் துப்பாக்கிகளை அவள் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் அது வலது பக்கம்தான். அவன் சாப்பிடுவது, எழுதுவது, அவள் கழுத்தில் தாலி கட்டியது எல்லாம் வலது கையால்.

சின்னத் தோள். குட்டைக் கை. இடது கைப் பழக்கம்.

"என்னடி, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் வேதா.

"மிளகாய்," என்றாள் கவிநிலா.

அன்று சாயங்காலம் செய்தி அனுப்பினாள்: 'யாருக்கு வாங்கறீங்க?' விளையாட்டுக்கில்லாமல், ஆறு வருஷத்தில் அவள் அவனை நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. 'ஃப்ரெண்டுக்கு. நீ கணக்கைப் பாரு.'

அவள் குழாயடியில் உட்கார்ந்து ஒரு வாளித் துணியை இரண்டு முறை அலசினாள். மறைத்துத் தொலைத்திருக்கலாம். இன்னொருத்திக்கு வாங்குகிற பொருளுக்கு அவளிடமே வந்து அளவு கேட்டிருக்கிறான். அது கெட்ட எண்ணம்கூட இல்லை, வெறும் பழக்கம் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. அந்தப் பெண்ணின் தோள் வலிக்கக் கூடாது என்று கேளாமலே தெரிந்திருக்கிறது அவனுக்கு.

அடுத்த ஞாயிறு காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் அப்பாதுரையும் மாமியார் ராணியம்மாளும் வந்தார்கள். ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலை. வந்ததும் வராததுமாகப் பெரியவர் புலம்ப ஆரம்பித்தார்.

"பாதிக் கடலைக் கொல்லையப் பன்னி உழுதுட்டுப் போயிடுச்சும்மா. உம் புருஷன் அங்க ஜாலியா சுடறான். இங்க ஒரு வெடி வெச்சாக்கூட ஃபாரஸ்ட்காரன் வூட்டு வாசல்ல வந்து நிக்கிறான்."

"ஆமா, இவுருகிட்ட துப்பாக்கியக் குடுத்தா பன்னி சிரிச்சிட்டுப் போவும்," என்றாள் ராணியம்மாள். "கண்ணு ஆபரேஷன் பண்ணியும் நேத்து எருமைய எதுத்த வூட்டுக்காரின்னு நெனச்சு, வாம்மான்னு கூப்பிட்டாரு."

கவிநிலா சிரித்தாள். கடலையை வேகவைத்துத் தட்டில் கொட்டி அவர்கள் நடுவில் வைத்தாள். பதினோரு மணிக்கு, டி.வி.யில் இணைத்த வீடியோ காலில் செழியன் வந்தான். அங்கே சாயங்காலம். அவனுக்குப் பின்னால் எப்போதும் தெரிகிற அதே வெள்ளைச் சுவர். அந்தச் சுவரைத் தாண்டி அந்த வீட்டில் வேறு எதையும் அவன் காட்டியதில்லை என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"சாப்டியாடா? கருத்துட்ட," என்றாள் அம்மா.

"வெயில்மா. அப்பா, கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்கறதுக்குத்தான் ஒண்ணும் நல்லதா இல்ல," என்றார் பெரியவர். "இன்னாடா, புதுத் துப்பாக்கியாமே? கவி சொல்லிச்சு."

செழியன் ஒரு கணம் தயங்கினான். பிறகு பழைய உற்சாகம் வந்துவிட்டது. "ஆமாப்பா. கவி, கணக்கு முடிச்சிட்டியா? கடைக்காரன் கேட்டுட்டே இருக்கான்."

"முடிச்சிட்டேன்."

கடலைத் தோலைத் தட்டில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது.

"முந்நூறு ப்ளாக்அவுட் வாங்குங்க. நான் முன்னாடி சொன்னது உங்க தோளுக்கு. இது வேற தோள். குட்டைக் குழலுக்கும் சரி, சின்ன ஆளுக்கும் சரி, அதான் பொருத்தம். ஆனா நூறு மீட்டருக்குள்ள வந்த மானை மட்டும்தான் சுடணும்."

"சூப்பர். சத்தமே வராத தோட்டா ஒண்ணு அதுலயே இருக்காம், கவி. கனமா, மெதுவாப் போறது. அதையே..."

"வேணாம்." அவள் அவன் பேச்சை வெட்டியது அதுதான் முதல் முறை. "அது மெதுவாப் போறதாலதான் சத்தமில்ல. அதுலயே மான் எல்லாம் விழுந்துடாது. கொஞ்சம் தப்பினாலும் காயத்தோட எங்கேயோ ஓடிப் படுத்துக்கும். சாகறதுக்கு நாளாகும். சுட்டவங்களுக்குச் சத்தம் கேக்கலைன்னு நிம்மதி, அவ்வளவுதான். வேகமான தோட்டாவே போடச் சொல்லுங்க. சைலன்சர் இருந்தாலும் கொஞ்சம் சத்தம் வரும். வரட்டும். ஒரேடியா முடியணும்."

டி.வி.யில் அவன் குனிந்து எதையோ குறித்துக்கொண்டான்.

"அப்புறம், கட்டையை அறுக்கறதுக்கு முன்னாடி அவங்க கையை ஒழுங்கா அளந்துக்கோங்க. இடது கையை."

அப்பாதுரை கடலை உரிப்பதை நிறுத்தினார். "யாரு கைய? யாருடா அது?"

"ஃப்ரெண்டுப்பா. வேலை செய்யற இடத்துல."

"ஃப்ரெண்டுக்குப் பேரு இல்லியா?"

"ஐயோ, அது எதுக்கு இப்போ. அம்மா, இங்க சிக்னல் சரியில்ல, நான் அப்புறம்..."

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு," என்றாள் கவிநிலா.

ராணியம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கலைந்தது. புடவைக்காக மாசக்கணக்கில் கெஞ்சிய பெண்பிள்ளை. இந்த வீட்டில் ஆண்கள் எப்போது பேச்சை மாற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மருமகளின் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் கவிநிலா.

"கவி, அப்புறம் தனியாப் பேசலாம். நானே கூப்பிடறேன். ப்ளீஸ்."

"இல்லைங்க. தனியாக் கேட்டா நீங்க பதில் சொல்ல மாட்டீங்க. நானும் கேக்காமலே இருந்துடுவேன். அப்படித்தான் இத்தனை நாள் போச்சு."

எத்தனையோ இரவுகள் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கெஞ்சல் இருக்கும், கொஞ்சம் செல்லம் இருக்கும். சொல்லி முடித்ததும் அவன் சிரித்து, 'இதுக்குத்தான் காத்திருந்தேன்' என்பான். இன்று அதில் எதுவும் மிச்சமில்லை. அவன் என்ன சொல்வான் என்று தெரியும். அதை அவன் வாயால், அப்பா அம்மா கேட்க, சத்தமாகச் சொல்லட்டும்.

டி.வி.யின் ஒலியைக் கூட்டினாள். தலையை நிமிர்த்தி அவன் கண்ணைப் பார்த்தாள்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."