மாயக்காள் வீட்டுக் கோம்பை நாய்

சுருளிப்பட்டியில் மாயக்காளின் குரலுக்கு மைக் தேவையில்லை. திராட்சைத் தோட்டங்களுக்குப் பழம் வெட்டப் போகும் பெண்கள் பதினான்கு பேருக்கு அவள்தான் தலைவி. பந்தலுக்கு அடியில் நின்றபடி, "அங்கன யாரு பேசிக்கிட்டு நிக்கிறது?" என்று அவள் கேட்டால், மூன்று தோட்டம் தள்ளி யாரோ பேச்சை நிறுத்துவார்கள். கோபமெல்லாம் கிடையாது. அவளுக்கு வாய்த்த தொண்டை அப்படி.

அவள் வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் கால்நடை டாக்டர் ரெஹானா காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் ஒரு நாய், தலையைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டு கிடந்தது. செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, கோம்பை நாய்.

"யாரோ காவலுக்குன்னு வாங்கி மோட்டார் கொட்டகையில கட்டிப்போட்டிருக்காக அக்கா. நெலத்த வித்துட்டுப் போகையில இத அவுத்துவிடக்கூட இல்ல. எலும்பும் தோலுமாத்தான் கெடந்துச்சு. இப்ப உடம்பு தேறிருச்சு, பயம் மட்டும் போகல. ரெண்டு வாரம் வச்சிருங்க. நல்ல வீடு அமைஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

மாயக்காளுக்கு நாய் வளர்க்கும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் போன வருடம் அவளுடைய வெள்ளாடு குட்டி போட முடியாமல் தவித்தபோது, கொட்டும் மழையில் உத்தமபாளையத்திலிருந்து வந்து காப்பாற்றியவர் இந்த டாக்டரம்மா. எப்படி மாட்டேன் என்பது?

"ரெண்டே வாரம்தான" என்றாள்.

"ரெண்டே வாரம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. திராட்சையத் திங்க விட்றாதீக, நாய்க்கு ஆகாது."

வாசலில் மூன்று கூடை திராட்சை இருந்தது. மாயக்காள் அவற்றைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

நாய் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான்கு நாள் வெளியே வரவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தின்றது. மாயக்காள் வாயைத் திறந்தாலே அதற்கு உடம்பு உதறியது. ஒருநாள் அவள் அடுப்படியிலிருந்து, "ஏங்க, உப்பு எங்க?" என்று கேட்டதற்கே படுத்த இடத்தில் மூத்திரம் போய்விட்டது.

அவள் கணவன் ஒச்சாண்டி லோடு ஆட்டோ ஓட்டுபவன். பேச்சு குறைவு. தரையைத் துடைத்துக்கொண்டே, "அதுமேல தப்பில்ல. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றான்.

மாயக்காள் அவனை முறைத்தாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்குள் மெதுவாகப் பேசப் பழகினாள். முதலில் தொண்டை ஒத்துழைக்கவில்லை, காற்றுதான் வந்தது. போகப்போக ஒரு குரல் அமைந்தது. அந்தக் குரலை அவளே அதுவரை கேட்டதில்லை. அது தோட்டத்துக்கும் கூடவே வந்துவிட்டது. ஒருநாள் அவள், "அந்தக் குலையப் பாத்து வெட்டு தாயி" என்று பக்குவமாகச் சொல்ல, உமாதேவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என்னக்கா, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டாள்.

டாக்டர் போனில் சொன்ன யோசனைப்படி, தினமும் சாயங்காலம் அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்வாள். புளியில் கொட்டை எடுப்பாள், மொச்சை உரிப்பாள். கூடவே அன்றைய கதையை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். பெயர் வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று பெயர் வைக்கவில்லை. "ஏத்தா, கேக்குறியா? இன்னைக்கு வியாபாரி வரவே இல்ல" என்கிற மாதிரிதான் கூப்பிடுவாள். நாளடைவில் அந்த 'ஏத்தா'வே பெயராகிவிட்டது.

ஒன்பதாம் நாள். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது முழங்கையில் சில்லென்று ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. மாயக்காள் திரும்பவில்லை. கதையையும் நிறுத்தவில்லை. ஆனால் உரித்த பயற்றைத் தோல் இருந்த முறத்திலும், தோலைப் பயற்றுச் சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்ததை ஒச்சாண்டி வாசலில் நின்று பார்த்தான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. ஏத்தா திண்டாடித் திண்டாடி வாசல்படி இறங்கக் கற்றுக்கொண்டாள். வாய்க்கால் கரையில் நடந்தாள். தென்னை மட்டை விழுந்தால் மாயக்காளின் சேலைக்குள் புகுந்தாள். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அவளைத் தெருமுனை வரை துரத்தியதை ஊரே பார்த்துச் சிரித்தது. "கோம்பை நாய்னா புலியவே எதுத்து நிக்கும்பாக. இது என்னடான்னா கோழிக்கு ஓடுது" என்றார்கள். மாயக்காளுக்குச் சுருக்கென்றது. "அந்தக் கோழி அப்படி. என்னையவே கொத்த வந்துச்சு" என்றாள்.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அப்போதுதான் டாக்டர் போன் செய்தார். ஆண்டிபட்டியில் வினோத்ராஜ் என்று ஒரு வாத்தியார், அவர் மனைவி ரோஸ்லின். சொந்த வீடு, சுற்றுச்சுவர், மாடியில் நிழல். இருவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். மாயக்காள் அவர்களிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்க மனசார முயன்றாள். ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், நாயைத் தொட அவசரப்படவில்லை, அது எத்தனை வேளை சாப்பிடும் என்று குறித்துக்கொண்டார்கள்.

"நல்ல எடம்" என்றாள் மாயக்காள். நாயை ஏற்றிக்கொண்டு அவர்கள் கார் கிளம்பும்போது அவள் ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டாள்.

வீட்டில் அன்று இரண்டு பேருக்கும் சோறு மிஞ்சியது. "இப்ப நீ சத்தமாப் பேசலாம்ல" என்றான் ஒச்சாண்டி. அவள் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ரோஸ்லின் போன் செய்தாள். ஏத்தா துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். தண்ணீர் குடித்ததோடு சரி. "அது என்ன விரும்பிச் சாப்பிடும்னு கேக்கத்தான்க்கா..."

மாயக்காள் சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து தூக்குவாளியில் போட்டாள், சுட்ட கருவாட்டைத் தாளில் மடித்தாள், பஸ் ஏறினாள். கம்பத்தில் இறங்கி ஏறி, தேனியில் இறங்கி ஏறி, ஆண்டிபட்டி போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மிஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "ஏத்தா, வீரபாண்டி தாண்டுறதுக்குள்ள என்ன கூட்டங்குற பஸ்ஸுல. நிக்க எடமில்ல" என்று ஆரம்பித்தாள். பேச்சு முடிவதற்குள் அவள் மடியில் ஒரு கறுத்த மூஞ்சி வந்து விழுந்தது. தூக்குவாளி காலியானது. கருவாடு தாளோடு போனது.

வாத்தியாரும் மனைவியும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டுருச்சு பாத்தீகளா. இன்னும் நாலு நாள் போனா பழகிரும் சார்" என்றாள் மாயக்காள்.

"அது பழகிரும்க்கா" என்றாள் ரோஸ்லின். "நீங்க பழகிருவீகளா?"

மாயக்காளுக்கு எந்தக் கேள்விக்கும் உடனே பதில் இருக்கும். வியாபாரி, தோட்டக்காரர், கண்டக்டர், யார் கேட்டாலும். இதற்கு மட்டும் அவள் நாயின் பக்கம் குனிந்துகொண்டாள். நாயின் காதை நீவிக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்களுக்கு வருத்தம் இல்லம்மா" என்றார் வினோத்ராஜ். "டாக்டர்கிட்ட ஒரு வெள்ளை நாய் இருக்குதாம். ஒத்தைக் கண்ணு, ஆனா ஒரு நிமிசம் சும்மா இருக்காதாம். நாங்க அதப் போய்ப் பாக்குறோம். இது ஒங்க வீட்டுப் பிள்ளதான்."

நாயை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில் வெளியே ஹாரன் கேட்டது. ஒச்சாண்டியின் லோடு ஆட்டோ. பின்னால் காலிப் பழப்பெட்டிகள்.

"இங்கன எதுக்கு வந்தீக?"

"பெட்டி எறக்க வந்தேன்" என்றான் அவன். ஆண்டிபட்டியில் திராட்சைப் பெட்டி இறக்க யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. இருக்கையில் பழைய போர்வை ஒன்று நாலாக மடித்து விரிக்கப்பட்டிருந்தது. ஏத்தா இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். தேனி தாண்டும்வரை நடுங்கினாள். அதற்கப்புறம் ஒச்சாண்டியின் தொடையில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். கியர் மாற்ற இடமில்லாமல் அவன் சின்னமனூர் வரை ஒரே வேகத்தில் ஓட்டினான்.

டாக்டர் ரெஹானாவிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாயைத் தத்துக் கொடுத்தால் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கே வந்து பார்ப்பார். மாயக்காளுக்கும் சலுகை இல்லை. அவர் காரிலிருந்து இறங்கிக் கதவைத் தள்ளியபோது, உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரைப்பு வந்தது. அதுவரை ஏத்தா குரைத்து யாரும் கேட்டதில்லை. நடுவாசலில் நான்கு காலையும் ஊன்றி நின்று, தன்னைக் காப்பாற்றிய டாக்டரையே பார்த்து இரண்டாவது முறையும் குரைத்தாள். பிறகு தன் சத்தத்துக்குத் தானே மிரண்டு, கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டாள்.

டாக்டர் வாசலிலேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையிலிருந்து தத்துப் பத்திரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மாயக்காளிடம் நீட்டினார்.

"உள்ள வாங்க டாக்டரம்மா, டீ போடுறேன்" என்றாள் மாயக்காள். கட்டிலுக்கு அடியில் வால் தரையைத் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.