வெர்னா வீட்டுக் கும்பிடுபூச்சி

டாக்வுட் ரிட்ஜ் குடியிருப்பில் வெர்னா டில்மனுக்குப் பயப்படாத செடி கிடையாது. அமெரிக்காவில், நாக்ஸ்வில் நகரத்துக்குத் தெற்கே, மலையைப் பார்த்து வரிசையாக வீடு கட்டிய தெரு அது. வாசலுக்கு வாசல் ஒரே உயரத்தில் வெட்டிய புல்தரை. நடுவே வெர்னா வீடு மட்டும் இடுப்பளவு காடாக நின்றது. காடு என்று அவள் காதுபட யாராவது சொன்னால் தொலைந்தார்கள். ‘வாழ்விடம்’ என்று திருத்துவாள். திருத்தியதோடு விடமாட்டாள், நிற்க வைத்து விளக்குவாள்.

வெர்னா பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தாமதமாக வரும் பிள்ளைகளை வாசலில் மடக்கிக் கேள்வி கேட்டே காலம் கழித்தவளுக்கு, ஓய்வுக்குப் பிறகு மடக்க ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டில் புருஷன் ஹாய்ட் ஒருவன்தான். அவன் எதற்கும் தாமதமாக வரமாட்டான். அந்த வெறுமையில்தான் அவள் மாவட்டத்து மண்ணின் செடிகள் சங்கத்தில் சேர்ந்தாள். இந்த மண்ணில் தானாக முளைத்து வந்த செடிகளை வளர்த்தால்தான், அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் கட்டைவிரல் அளவு ரீங்காரச்சிட்டும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பிழைக்கும் என்பது சங்கத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் வெர்னாவுக்கு அதில் பிடித்தது பறவைகள் பாதி, பிடிபடுகிறவர்கள் பாதி.

முதலில் பிடிபட்டவள் பக்கத்து வீட்டு ஓப்பல் பிக்கெட். முடிதிருத்தும் கடை வைத்திருந்த விதவை. வாசல் படியில் தொட்டி தொட்டியாகப் பெட்டூனியாப் பூச்செடி வைத்து, கூரை விளிம்பில் ரீங்காரச்சிட்டு குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய சிவப்பு பிளாஸ்டிக் குடுவை ஒன்றைத் தொங்க விட்டிருந்தாள்.

“ஓப்பல், அந்தப் பெட்டூனியா எந்த ஊருன்னு தெரியுமா உனக்கு?” என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள் வெர்னா.

“பஜார்ல வாங்கினேன்.”

“தென் அமெரிக்கா. நம்ம ஊருப் புழு பூச்சிக்கு அதுல ஒரு வாய் தீனி கிடையாது. அதுக்குப் பிளாஸ்டிக் பூவே வெச்சிருக்கலாம்.”

“பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணி ஊத்த வேணாம். அதுவும் நல்ல யோசனைதான்.”

“நான் விளையாடல, ஓப்பல்.”

“நானும்தான். எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஸ்காட்லாந்துலேருந்து கப்பல்ல வந்தவரு. உங்க ஆளுங்களும் அந்தப் பக்கம்தானே? நம்ம ரெண்டு பேரையும் எப்போ வேரோட பிடுங்கப் போற?”

வெர்னா வேலியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள். அடுத்த சங்கக் கூட்டத்தில், பேர் சொல்லாமல், ஆனால் தெருப் பேரையும் தொட்டிகளின் நிறத்தையும் சொல்லி, அறியாமையைப் பற்றி உருக்கமாகப் பேசினாள்.

அடுத்துப் பிடிபட்டது வீட்டுக்குள்ளேயே. ஹாய்டின் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் நட்ட பியோனிச் செடிகள் வீட்டின் கிழக்குச் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மே மாதமும் கைக்குழந்தையின் தலையளவு பூ விடும். கிழவி செத்த பிறகு ஹாய்ட் பூ வைத்துக் கும்பிட்டான் என்றெல்லாம் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவான், அவ்வளவுதான். ஒரு வசந்தத்தில் அவன் மீன் பிடிக்கப் போய் வருவதற்குள் வெர்னா அத்தனையையும் கிழங்கோடு தோண்டிக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

“அம்மா செடி எங்க?” என்றான் ஹாய்ட், மீன் வாளியைக் கையில் பிடித்தபடி.

“சீனத்துச் செடி, ஹாய்ட். எத்தனை வருஷம் இருந்தாலும் அது விருந்தாளிதான். அந்த இடத்துல சிட்டுக்குப் பிடிச்ச செடியா வெச்சிருக்கேன் பாரு.”

ஹாய்ட் பார்த்தான். பிறகு போய் மீனைக் கழுவினான். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய், அங்கே இருந்த பழைய டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். கொட்டகையில் காற்று நன்றாக வருகிறதாம். வெர்னா நம்பினாள். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் உறுப்பினரின் தோட்டத்தைப் பார்க்க வரும். வெர்னாவின் முறை ஒருவழியாகச் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. ரீங்காரச்சிட்டுகள் தெற்கே பறந்து போகுமுன் உடம்பை ஏற்றிக்கொள்ள ஓயாமல் தேன் குடிக்கும் காலம். பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டமும் அன்றைக்குத்தான். ஹாய்ட் கொட்டகையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

தெருவை அடைத்துக் கார்கள் நின்றன. மேசையில் காரச் சீஸ் தடவிய ரொட்டி, மசாலா வைத்த முட்டை, பீச் பழப் பணியாரம். இலவசச் சாப்பாட்டு வாசனைக்கு ஓப்பலும் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். சங்கத் தலைவர் டாக்டர் கார்லண்ட் சக்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். எந்த இலையைக் கண்டாலும் கவிழ்த்துச் சொத்தை பார்க்காமல் விடமாட்டார்.

“நல்லா இருக்கு வெர்னா,” என்றார் அவர். அந்த வார்த்தைக்காகத்தான் வெர்னா இரண்டு கோடைகாலமாக முட்டி தேய உட்கார்ந்து களை பிடுங்கியிருந்தாள்.

வாசல் வளைவில் பவழ நிறக் குழல் பூக்கள் தொங்கும் கொடி ஒன்று படர்ந்திருந்தது. ரீங்காரச்சிட்டுக்கென்றே கடவுள் செய்து வைத்த பூ என்று சங்கத்தில் சொல்வார்கள். அதன் கீழே நின்று வெர்னா பேச ஆரம்பித்தாள். மண்ணைப் பற்றி, பொறுப்பைப் பற்றி, சில அண்டை வீட்டார் எப்படிச் சொன்னாலும் திருந்துவதில்லை என்பது பற்றி. ஓப்பல் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்.

“வெர்னா, அந்தச் சிட்டு ஏன் அசையாம இருக்கு?” என்று கூட்டத்தில் ஒரு பெண்மணி கேட்டாள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கொடியில் ஒரு சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு வெயிலில் மின்னியது. அதன் மார்பைப் பிடித்தபடி, இலையோடு இலையாக, விரல் நீளத்துக்கும் மேலான ஒரு கும்பிடுபூச்சி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்கிறவர்களைப் போல அடக்கமாகக் கைகளை மடக்கியிருந்தது. அந்த மடிப்புக்குள்தான் சிட்டு இருந்தது. இன்னும் உயிர் இருந்தது. ஓர் இறக்கை விட்டுவிட்டு அடித்துக்கொண்டது.

“ஐயோ பாவமே, யாராவது எடுத்து விடுங்க,” என்றாள் ஓப்பல்.

“பொறுங்கம்மா,” என்று கையை உயர்த்தினார் டாக்டர் சக்ஸ். “முதல்ல அது எந்தப் பூச்சின்னு தெரியணும். கரோலினா கும்பிடுபூச்சின்னா நம்ம ஊரு. நம்ம ஊருப் பூச்சி நம்ம ஊருப் பறவையைப் பிடிச்சா அது இயற்கை, நாம தலையிடக் கூடாது. சீனத்துப் பூச்சின்னா வேற விஷயம்.”

“அந்தச் சிட்டு கிட்ட கேட்டுப் பாருங்களேன், எந்த ஊருப் பூச்சி தின்னா அதுக்குச் சம்மதம்னு,” என்றாள் ஓப்பல்.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. கண்ணாடிகள் வெளியே வந்தன. செல்போன்கள் வெளியே வந்தன.

“இவ்வளவு பெரிசு கரோலினாவுக்கு வராது.”

“பொட்டையா இருந்தா வரும்.”

“இறக்கை வயிறு முழுக்க மூடியிருக்கா பாருங்க. மூடியிருந்தா சீனம்.”

“இலை மறைக்குது.”

“சீனம்னா முன்காலுக்கு நடுவுல மஞ்சப் புள்ளி இருக்கணும்.”

“அங்கதான் சிட்டு இருக்கே.”

“சிட்டைக் கொஞ்சம் நகத்தினா தெரிஞ்சிடும்.”

“நகத்தினா தலையிட்டதா ஆயிடுமே,” என்றார் டாக்டர் சக்ஸ், வருத்தத்தோடு.

வெர்னா மட்டும் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். சங்கத்தில் சேர்வதற்கு முந்தின வசந்தத்தில், தோட்டத்தின் தோழன் என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் முட்டைக்கூடுகளை வரவழைத்தவள் அவளேதான். பொரித்த சோளம் போல உப்பிய பழுப்புக் கூடுகள். வெங்காய வலைப் பையில் போட்டுக் கிளையில் கட்டித் தொங்க விட்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அவற்றிலிருந்து கொசு கொசுவாகக் குஞ்சுகள் கொட்டின. பிறகு சங்கத்தில் ஒருவர் சீனத்துக் கும்பிடுபூச்சி செய்யும் நாசத்தைப் பற்றிப் பேசியபோது, பலமாகக் கைதட்டியவர்களில் வெர்னாவும் ஒருத்தி.

இப்போது அவளுடைய மனம் வெகுவேகமாகக் கணக்குப் போட்டது. சீனம் என்று சொன்னால், அது எப்படி வந்தது என்ற கேள்வி வரும். கரோலினா என்று சொன்னால், ஒரு சிட்டு மட்டும் போகும்.

“கரோலினாதான்,” என்றாள். தாமதமாக வந்த பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் அதே குரல். “சந்தேகமே வேணாம். நான் தினமும் பாக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நாம இங்க பொம்மைக் கடை நடத்தல. இதுதான் வாழ்விடம்.”

சிலர் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். சிட்டின் இறக்கை மறுபடி அடித்தது. அதன் கறுப்புக் கண் வெர்னாவுக்கு நேராக இருந்தது. அவள் டாக்டர் சக்ஸின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டத்தில் இடைவேளை விட்டது. ஹாய்ட் இனிப்புத் தேநீர் ஜாடியை நிரப்பிக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தான்.

“என்ன எல்லாரும் வாசல்லயே நிக்கிறீங்க?” என்றவன் அண்ணாந்து பார்த்தான். “அட, இது நீ தபால்ல வரவழைச்ச பூச்சி இல்லையா வெர்னா? நான்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சீனத்துப் பூச்சின்னு பெட்டி மேலயே அச்சடிச்சிருந்துதே.”

அவன் குரலில் விஷமம் இருந்ததா இல்லையா என்று வெர்னா பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹாய்ட் ஜாடியை டாக்டர் சக்ஸின் கையில் திணித்தான். ஒரு கையால் பூச்சியைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்து, இன்னொரு கையின் கட்டை விரலால் அதன் முட்கைகளை ஒவ்வொன்றாக விலக்கினான். பூச்சி அவன் விரலைக் கடித்தது. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். சிட்டு அவன் உள்ளங்கையில் விழுந்து கிடந்தது. ஓப்பல் வேலியைத் தாண்டி ஓடி, தன் குடுவையிலிருந்து ஒரு மூடி சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள். சிட்டு குடித்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு போய்விட்டது.

அது போனதை ஹாய்டும் ஓப்பலும்தான் பார்த்தார்கள். மற்ற எல்லோரும் வெர்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனம் என்று இப்போது உறுதியாகிவிட்டதால், டாக்டர் சக்ஸ் ஜாடியை மேசையில் வைத்துவிட்டு, பூச்சியைக் கீழே போடச் சொல்லி, பளபளப்பான தன் காலணியால் முறைப்படி மிதித்தார்.

“கரோலினான்னு சொன்னீங்களே, வெர்னா,” என்றார்.

“தப்பாப் பாத்துட்டேன்.”

“தினமும் பாக்கிறேன்னியே,” என்றாள் ஓப்பல்.

ரொட்டியும் முட்டையும் மிச்சமில்லாமல் தீர்ந்தன. கோபத்திலும் பசிக்கும் போலிருக்கிறது. போகும்போது ஒவ்வொரு பெண்மணியும் வெர்னாவின் கையைப் பிடித்து, “உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊர்ப் பக்கம், இரக்கப்படுவது போலத் திட்டுவதற்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

எல்லோரும் போன பிறகு வெர்னா கொட்டகைக்குப் போனாள். ஹாய்ட் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தான்.

“வேணும்னுதானே சொன்ன?”

“பெட்டி வந்துது. வந்துதுன்னு சொன்னேன்.”

“அத்தனை பேர் முன்னாடியா?”

“அத்தனை பேர் முன்னாடிதான் அது செத்துக்கிட்டிருந்துது, வெர்னா.”

டிவியில் யாரோ பந்தைத் தவற விட்டார்கள். ஹாய்ட் அதற்கு வருத்தப்பட்டான். இன்னொரு நாற்காலி மடித்தபடி சுவரோரம் சாய்ந்திருந்தது. அவன் அதை விரித்துப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை, நின்றபடியே கடைசி வரை ஆட்டத்தைப் பார்த்தாள். அது அவளுக்குப் புரியாத ஆட்டம். சிட்டின் கண் மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. சங்கத்தில் என்ன பேசுவார்கள் என்ற கவலையும் கூடவே வந்ததால், அந்தத் துக்கமாவது சுத்தமான துக்கமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சங்கம் அவளை நீக்கவில்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தது. பூச்சிகள் தெரு முழுக்கப் பரவியிருக்கும், வசந்தத்துக்குள் முட்டைக்கூடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், கொண்டுவந்தவரே எடுப்பதுதான் முறை என்று தீர்மானம் போட்டது. நவம்பரில் இலை உதிர்ந்ததும் வெர்னா சுரண்டுகத்தியும் வாளியுமாக வீடு வீடாகக் கதவு தட்டினாள். ஒரு காலத்தில் அவளிடம் பாட்டு வாங்கிய வீடுகள். ஒருவர் விடாமல் அவளை வாசலில் நிறுத்தி, என்ன, ஏது என்று முதலிலிருந்து கேட்டார்கள். கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். அவள் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓப்பல் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஓப்பல் எதுவும் கேட்காமல் ஏணியை எடுத்து வந்து மரத்தில் சாய்த்தாள். அது வெர்னாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“ஏறு. நான் பிடிச்சுக்கறேன்.”

வெர்னா ஏறினாள். உச்சிக் கிளையில் இரண்டு கூடுகள் ஒட்டியிருந்தன. ஒன்றைச் சுரண்டி வாளியில் போட்டாள். இன்னொன்று தட்டையாக, நீளமாக இருந்தது. கத்தியை வைத்தவள் நிறுத்தினாள்.

“என்னாச்சு?”

“இது கரோலினாவா இருக்கலாம்.”

“இருக்கலாமா, இல்ல சந்தேகமே வேணாமா?”

வெர்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “தெரியல ஓப்பல்,” என்றாள். அதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் பின் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களின் கொல்லை முழுசாகத் தெரிந்தது. வேலி நெடுக ஜப்பான் மூங்கில் நட்டிருந்தார்கள். இளங்கன்று. இரண்டு வருஷத்தில் வேலியைப் பிளந்துகொண்டு இந்தப் பக்கம் வரும். வெர்னாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வீட்டுக்காரன் கையில் குழாயோடு அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிநேகமாகக் கையசைத்தான். வெர்னா வாயைத் திறந்தாள். காலடியில் ஏணி லேசாக ஆடியது.

“மேல என்ன தெரியுது?” என்றாள் ஓப்பல்.

“ஒண்ணுமில்ல,” என்று பதிலுக்குக் கையசைத்தாள் வெர்னா. “இறங்கறேன், கெட்டியாப் பிடி.”