மாஸ்டரின் மூக்கும் மாமியாரின் கிணறும்

பேக்கரி மாஸ்டருக்கு மூக்கு செத்துப்போன விஷயம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று மாஸ்டர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் மாஸ்டர்.

ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் வாசனை பிடிக்கும் சக்தியையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், சாக்கடை ஓரம் நிம்மதியாக நடக்கலாம் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்கோ ஊர் வைத்த பெயரே மூக்கு மாஸ்டர். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே எந்தத் தட்டு சிவந்துவிட்டது, எந்தத் தட்டு இன்னும் வேகவேண்டும் என்று சொல்லக்கூடியவர். புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் முதலாளி, “மாஸ்டருக்குச் சம்பளம் மூக்குக்குத்தான், கை கால் எல்லாம் இலவசம்” என்று ஜம்பமாகச் சொல்லுவார். முன்பு இனித்த அந்தப் பேச்சு இப்போது மாஸ்டருக்குக் கசந்தது.

ஆனாலும் சமாளித்தார். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கடிகாரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அடுப்பைத் திறந்தார். பழக்கம் விட்டுப்போகாமல் அவ்வப்போது காற்றை உறிஞ்சி, கண்ணை மூடி, தலையையும் ஆட்டி வைத்தார். நாடகம் நன்றாகத்தான் ஓடியது, கெட்டுப்போன வெண்ணெயில் ஒரு நாள் முழுக்க பிஸ்கட் போடும் வரை. வாங்கிப் போனவர்கள் எல்லாம் பொட்டலத்தோடு திரும்பி வந்து முதலாளியை ஒரு பிடி பிடித்தார்கள். முதலாளி மாஸ்டரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீடு தேடி வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். சும்மா பார்க்க வருகிறவர் எதற்காக எதிராளியின் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

வீடு மாஸ்டருடையது அல்ல. மாஸ்டர் வீட்டோடு மாப்பிள்ளை. வீடும், பின்பக்கத்துக் கிணறும், வீட்டில் யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்கிற அதிகாரமும் மாமியாருக்குச் சொந்தம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமியார், இத்தனை காலம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்த கணக்கைத் தீர்ப்பதுபோல இப்போது தானே பேசினார். மாப்பிள்ளையின் நடை சரியில்லை, குறட்டை சரியில்லை, செருப்பைக் கழற்றிப் போடும் லட்சணம் சரியில்லை. மாப்பிள்ளையிடம் அவர் குறை காணாத ஒரே உறுப்பு மூக்கு. பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் “மாப்பிள்ளைகிட்ட குடுத்துப் பாரு” என்பார்.

அன்றும் அப்படித்தான். மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். முதலாளிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த மாமியார் பாதி வழியில் நின்று டம்ளரை முகர்ந்தார்.

“ரெண்டு நாள் மழைக்கப்புறம் தண்ணி ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை.”

முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்தார். மாஸ்டர் டம்ளரை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, வழக்கமான சடங்கு எதையும் விடாமல் செய்தார். ஒன்றுமே வரவில்லை. டம்ளருக்குப் பதில் செருப்பைக் கொடுத்திருந்தாலும் அதேதான்.

“சுத்தமான தண்ணி அத்தை. ஒரு குறையும் இல்ல.”

முதலாளி, “எங்க, நான் பாக்கறேன்” என்று கையை நீட்டினார். அந்தக் கைக்கும் டம்ளருக்கும் நடுவே மாமியார் புகுந்தார். டம்ளரைப் பிடுங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ரொம்பத் தாகமாக இருந்தது என்றார். விருந்தாளியின் தண்ணீரை விருந்தாளி எதிரிலேயே குடித்துத் தீர்த்த அந்த அழகைப் பார்த்து மாஸ்டருக்கு உயிர் போனது. மாஸ்டர் கடைக்கு ஓடி வாங்கிவந்த சோடாவை முதலாளி குடித்துவிட்டு, அரை மனதோடு எழுந்து போனார். வேலை தப்பித்தது. என்னை அவமானப்படுத்துவதற்காகத் தண்ணீரைக்கூட விட்டுவைக்க மாட்டாள் போல இந்தக் கிழவி என்று மாஸ்டர் மனதுக்குள் திட்டினார்.

அன்று இரவே மாமியாருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டன. சேதி கேட்டு ஓடிவந்த மனைவி பின்பக்கத்துக் கதவைத் திறந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஒரு பெருச்சாளி, பூனை அளவுக்கு ஊதிப்போய், மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.

தான் முகர்ந்த பிறகுதான் அது விழுந்திருக்க வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். மனைவி நம்பினாள். புருஷன் மூக்கைச் சந்தேகப்படும் அளவுக்கு அவள் இன்னும் கெட்டுப்போகவில்லை. மாஸ்டரால்தான் நம்ப முடியவில்லை. படுக்கையில் சுருண்டு கிடந்த மாமியாரைப் பார்க்கும்போதெல்லாம் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு வேலைக்காக வயதான மனுஷிக்கு எலி ஊறிய தண்ணீரை நல்ல தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்த பாவி நான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

மனைவி சொல்லி அனுப்பியதும் சுகாதார ஆய்வாளர் அம்மா வந்து பார்த்தார். கிணற்றுச் சுவர் அடியில் விரிசல் விட்டிருந்தது. துணி துவைக்கிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் அது வழியாகவே உள்ளே இறங்கியிருந்தன. மேலே போட்ட வலையோ பெருச்சாளிக் குடும்பமே ஊர்வலம் போகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. விரிசலை அடைக்க வேண்டும், தண்ணீரை இறைத்துவிட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், புது வலை போட வேண்டும், அப்புறம்தான் மருந்து என்றார். பிளீச்சிங் பவுடரைக் கிணற்று அளவுக்குத் தக்கபடி அவரே எடுத்து வைத்தார். வாளியில் கரைத்து, மண்டியைத் தங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றச் சொன்னார்.

“அப்புறம் மோட்டார் போட்டு வீட்ல இருக்கற எல்லாக் குழாயையும் தொறந்து விடுங்க. ஒவ்வொண்ணுலயும் குளோரின் வாடை வரணும். வந்ததும் மூடிட்டு ஒரு நாள் அப்படியே விட்டுடுங்க. வாடை வரலன்னா இன்னும் கொஞ்சம் மருந்து சேக்கணும்.”

மனைவி பெருமையாகச் சிரித்தாள். வாடை பார்ப்பதற்கென்றே எங்கள் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்றாள். மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்துப் பல் வைத்தியர் வாசலில் மாட்டியிருக்கலாம், வலி என்றால் என்ன என்று காட்ட.

அடைப்பது, இறைப்பது, தேய்ப்பது எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கிணற்றில் மறுபடி நீர் ஊறி நின்றது. மருந்து போடும் நாளில் மனைவி துணை இருப்பாள், அவள் முகம் சுளிக்கும்போது தானும் சுளித்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். காலையில் அவள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனாள். நீங்களே முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டர் தெளிந்த மருந்துத் தண்ணீரை ஊற்றினார். மோட்டாரைப் போட்டு, அதன் ஹோஸைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பி, சுவரைச் சுற்றி நனைத்தார். அப்புறம் மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் சமையலறைக் குழாயைத் திறந்து மூக்கை நீட்டினார். இல்லை. குளியலறை, இல்லை. வாசல் குழாய் அடியில் மண்டி போட்டு, தண்ணீர் மூக்குக்குள் ஏறி இருமும்வரை முகர்ந்தார். இல்லை. மருந்து உண்மையிலேயே வந்து சேரவில்லையா, வந்தும் தனக்குத்தான் தெரியவில்லையா? குறைந்துபோனால் கிருமி சாகாது, அத்தை மறுபடி படுப்பார். இன்னொரு முறை அந்தப் பாவம் வேண்டாம் என்று இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினார். அதற்கும் வாடை வரவில்லை. இன்னும் கொஞ்சம். பவுடர் தீர்ந்தது. கடைக்குப் போய் இன்னொரு பை வாங்கிவந்தார். மண்டியாவது தெளிவாவது, பையை அப்படியே கவிழ்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மூக்கினுள் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாஸ்டர் ஆனந்தத்தில் தலைகால் புரியாமல் நின்றார். மூக்கு திரும்பி வந்துவிட்டது! உடனே பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார், சோப்பை முகர்ந்தார், தன் அக்குளைக்கூட விடவில்லை. ஒன்றுமில்லை. வெறும் எரிச்சல்தான். குனிந்து பார்த்தால், தண்ணீர் தெறித்த இடமெல்லாம் கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன. மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் வழிந்ததில் எவ்வளவு மருந்து, எவ்வளவு அழுகை என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மாவையும் மகளையும் ஏற்றிவந்த ஆட்டோக்காரர் தெரு முனையிலேயே இருமத் தொடங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்த மனைவி கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு, உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா என்று சத்தம் போட்டாள். ஜலதோஷம் என்றார் மாஸ்டர். மாமியார் வாசலில் நின்றபடி புள்ளிபுள்ளியான சட்டையை மேலும் கீழும் பார்த்தார். அதிசயமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆய்வாளர் அம்மா வந்து திட்ட வேண்டியதைத் திட்டினார். செடிகள் பக்கம் விடாமல், தெருச் சாக்கடைக்கும் விடாமல், காலிமனைப் பக்கமாகக் கிணற்றை இறைத்தார்கள். ஊற ஊற இறைத்தார்கள். அப்புறம் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போனார். கிருமி இல்லை, மருந்து வாடை அடங்கியதும் குடிக்கலாம் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். மாஸ்டர் பின்பக்கம் புது வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து எதிரில் நின்றார். அதே டம்ளர்.

“பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. குடிக்கலாமா?”

மாஸ்டர் டம்ளரை வாங்கினார். கண்ணை மூடவும் செய்தார். சொல்லிவிட்டால் பட்டப்பெயர் போகும், நாளைக்கு வேலையும் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷி நம்பிக் குடிப்பார்.

“எனக்குத் தெரியல அத்தை. எனக்கு மூக்கு போய் ரெண்டு மாசமாச்சு. அன்னிக்கும் தெரியல. உங்களுக்குப் பொய் சொன்னேன்.”

மாமியார் டம்ளரைத் திரும்ப வாங்கி, தானே முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார். கேட்ட செய்தி பழைய செய்தி என்பதுபோல அவர் முகம் இருந்தது.

“அன்னிக்கே தெரியும். அந்த நாத்தத்த முகர்ந்துட்டுச் சுத்தமான தண்ணின்னு சொன்னீங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா குடிச்சீங்க?”

“உங்க முதலாளி கைய நீட்டிட்டாரே. அவர் மூக்குல பட்டிருந்தா அன்னிக்கே உங்க வேலை போயிருக்கும். கீழ ஊத்தினா ஏன் ஊத்தினேன்னு கேப்பாரு. வேற எங்க கொண்டுபோய் ஊத்தறது?”

மாஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி குடிப்பதற்குத் தன் தலைமாட்டில் மாமியார் வைத்திருந்தது பக்கத்து வீட்டில் வாங்கிய குடத்துத் தண்ணீர். மோட்டார் ரிப்பேர், நீங்கள் குழாயைத் தொடாதீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே மாமியார் அதட்டியிருந்தார். தன்னைக் குடைவதற்கு இன்னொரு சாக்கு என்று நினைத்து அதையும் திட்டியிருந்தார் மாஸ்டர். இப்போது அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலைக் கயிற்றை வெறுமனே முறுக்கிக்கொண்டு நின்றார்.

“அழாதீங்க, பாக்கச் சகிக்கல” என்றார் மாமியார். மீதித் தண்ணீர் இருந்த டம்ளரை மாப்பிள்ளை கையில் திணித்தார். “குடிங்க, நல்லாத்தான் இருக்கு. குடிச்சிட்டு நாளைக்கு நீங்களே போய் முதலாளிகிட்ட சொல்லிடுங்க. இன்னொரு தடவ எலித்தண்ணி குடிக்க என் வயித்துல தெம்பு இல்ல.”